முதுமையும் மூன்று பந்துகளும்

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 10.4 கோடி. அதாவது மக்கள் தொகையில் 8.6 சதவிகிதம். 2050-ஆம் ஆண்டில் ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் எனக் கணிக்கப்பட்டுள்ளது. ஆயுள் நீண்டிருப்பது நாடு அடைந்த வெற்றிகளுள் ஒன்று. நீண்ட அவ்வாண்டுகள் எவ்வாறு கழிகின்றன என்பதே இனி எழும் கேள்வி.

முதியோர் நலனுக்காக அரசு படிப்படியாகப் பல நடவடிக்கைகளை மேற்கொண்டு வந்துள்ளது. 1995-இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 1999-இல் முதியோருக்கான தேசியக் கொள்கையும், 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும், 2010-11-இல் முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டமும் வந்தன. உணவு, மருந்து, பாதுகாப்பு ஆகியவை இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும், முதியவர் பெறுபவர் மட்டுமல்லர், புதிதாகக் கற்கவும் வல்லவர் என்னும் எண்ணம் சமுதாயத்தில் இன்னும் வேரூன்றவில்லை. “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்னும் பழமொழியே பலருடைய முடிந்த தீர்ப்பாக இருக்கிறது. இத்தீர்ப்பை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் சான்று, ஓர் எளிய விளையாட்டிலிருந்து கிடைத்திருக்கிறது.

பழைய விளையாட்டு

மூன்று பந்துகளை மாறிமாறி மேலே எறிந்து பிடிக்கும் கலை இன்று பெரும்பாலும் சர்க்கஸ் கூடாரத்துக்கு உரியதாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் வரலாறு நெடியது. எகிப்தில் பெனி ஹசன் என்னுமிடத்தில் உள்ள, ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறை ஓவியத்தில், பெண்கள் பந்துகளை எறிந்து பிடிக்கும் காட்சி இடம்பெற்றுள்ளது. தமிழ்நாட்டில் இதுவே அம்மானை. சிலப்பதிகாரத்தில் அம்மானை வரி உண்டு. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமாகவே வகுக்கப்பட்டுள்ளது. மகளிர் விளையாட்டாக இலக்கியம் போற்றிய ஒன்றை முதியோர் பயில்வதில் இழுக்கு ஏதுமில்லை.

மூளையில் நிகழும் மாற்றம்

ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-இல் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். மூன்று மாதங்கள் இக்கலையைப் பயின்ற இளைஞர்களின் மூளையில், அசையும் பொருள்களைக் கண்டுணரும் பகுதியின் சாம்பல் நிறத் திசு பெருகியிருந்தது. பயிற்சியை நிறுத்திய பின் அப்பெருக்கம் குறைந்தது. சராசரியாக 60 வயதுடையோரிடம் மேற்கொள்ளப்பட்ட இத்தகைய ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது. முதியோர் இளைஞர்களின் தேர்ச்சியை எட்டவில்லை. எனினும் அவர்களுடைய மூளையிலும் அதே பகுதியில் மாற்றம் காணப்பட்டது. நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் பெருக்கம் தென்பட்டது. பயிற்சி நின்றபின் அவையும் தணிந்தன.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதுமை எய்திய மூளையும் புதிய பயிற்சிக்கு இணங்கி மாறக்கூடியது என்பது ஒன்று. அப்பயன் நிலைக்க வேண்டுமாயின் பயிற்சி தொடர வேண்டும் என்பது மற்றொன்று. எனினும் இக்கலை மறதி நோயைத் தடுக்கும் என்று கூறுவதற்கு இவ்வாய்வுகள் இடந்தரவில்லை. மருத்துவத்துக்கு மாற்றாக இதனைக் கருதுதல் தவறு.

உடலுக்கு ஆகும் நன்மை

பந்து உச்சியை அடையும் கணத்தில் கண் அதன் போக்கை அளக்கிறது. அது வந்து விழும் இடத்தை மூளை முன்கூட்டியே கணித்துக் கையை அங்கே அனுப்புகிறது. இரு கைகளும் ஒரே தாளத்தில் இயங்க, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மென்மையாக அசைகின்றன. நின்று ஆடும்போது ஒவ்வோர் எறிதலுக்கும் ஏற்ப உடல் தன் சமநிலையைச் சரிசெய்துகொள்கிறது.

65 வயதைக் கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களேனும் சமநிலைக்கும் வலிமைக்கும் உரிய பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. தவறி விழுதல் முதியோரை முடக்கும் முக்கியக் காரணங்களுள் ஒன்று என்பதை நோக்கின் இப்பரிந்துரையின் தேவை விளங்கும். பந்தாட்டம் மட்டும் இதனை நிறைவேற்றிவிடாது. நடைப்பயிற்சியோடும் பிற உடற்பயிற்சிகளோடும் இதனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பயிலும் முறை

இதற்குச் செலவு மிகக் குறைவு. சிறு துணிப் பைகளில் தானியம் இட்டுத் தைத்துக்கொண்டால் போதும். அவை தரையில் உருண்டோடா. தொடக்கத்தில் மெல்லிய கைக்குட்டையை எறிந்து பழகலாம்; அது மெதுவாக இறங்குவதால் பிடிப்பது எளிது. முதலில் ஒரு பையைக் கண் உயரத்துக்கு ஒரு கையிலிருந்து மறு கைக்கு எறிய வேண்டும். அது கைவந்தபின் இரண்டு பைகள்: முதலாவது உச்சியை அடையும்போது இரண்டாவதை எறிய வேண்டும். மூன்றாவது அதன் பின்னரே. கட்டிலை நோக்கி நின்று ஆடினால், தவறிய பை மெத்தையில் விழும். அடிக்கடி குனிய நேராது. நிற்க இயலாதோர் நாற்காலியில் அமர்ந்து பயிலலாம். தலைச்சுற்றல், தோள்வலி உடையோரும் அண்மையில் கண் அறுவை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கலந்த பின்னரே தொடங்க வேண்டும். நாள்தோறும் பத்து நிமிடம் தொடக்கத்துக்குப் போதுமானது.

மூன்று பந்துகளையும் தவறவிடாது ஆடுவது அனைவருக்கும் கைகூடாது. அதனால் குறையொன்றும் இல்லை. கற்கும் முயற்சியே இங்குப் பயன் தருவது. முதியோர் இல்லங்களும், பகல்நேரப் பராமரிப்பு மையங்களும், ஊராட்சி நூலகங்களும் வாரம் ஒருமுறை இத்தகைய பயிற்சிக்கு இடமளிக்கலாம். இல்லங்களில் பேரக் குழந்தைகளும் உடன் பயின்றால், இரு தலைமுறையினரும் ஒன்றாக மாணவராகும் வாய்ப்புக் கிட்டும். ஓய்வூதியம் முதியவரின் வாழ்க்கைக்கு ஆதாரம் தருகிறது. கற்கும் வாய்ப்பும் அவருக்கு அளிக்கப்படுமானால், அவ்வாழ்க்கை பொருளும் பொலிவும் பெறும்.