மாஸ்டரின் இரண்டு விரல்

கவரைப்பேட்டையைத் தாண்டி கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால், ஷிஃப்டு ஆட்களுக்குச் சமைக்கும் கேன்டீன் அடுப்படிகள் உண்டு. அப்படியொன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காசநோய்க் கிருமியும் உயிரோடிருக்க ஓயாமல் புரதம் சமைத்தாக வேண்டும். அங்கே சமையல் மாஸ்டர், ரைபோசோம்.

மாஸ்டர் கைக்கு நீளமான சீட்டு ஒன்று வரும். அதுதான் தூது ஆர்.என்.ஏ. மும்மூன்று எழுத்தாகச் சாமான் பெயர் எழுதியிருக்கும். கடத்து ஆர்.என்.ஏ. என்கிற எடுபிடிகள், ஆளுக்கொரு கிண்ணத்தில் ஓர் அமினோ அமிலத்தோடு முண்டியடிப்பார்கள். உப்பும் சர்க்கரையும் பார்வைக்கு ஒன்றுதானே? மாஸ்டர் இரண்டு விரலை நீட்டித் தொட்டுப் பார்க்கிறார். பொருந்தினால் வாங்குவார், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார். ஈ.கோலை போன்ற வேகமான பாக்டீரியாவில் வினாடிக்கு 15, 20 கிண்ணம் வரை உள்ளே போகும். ஆயிரக்கணக்கில் ஒன்றுதான் தப்பும்.

இரண்டு விரல் என்றது வர்ணனைக்காக இல்லை. ரைபோசோமின் சிறிய பாகத்தில் 1492, 1493 ஆகிய இடங்களில் இருக்கும் இரண்டு அடினைன்கள் நிஜமாகவே வெளியே புரண்டு, சீட்டும் எடுபிடியும் பொருந்துகின்றனவா என்று தடவிப் பார்க்கின்றன. 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் கேம்பிரிட்ஜ் குழு, வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியா ஒன்றின் ரைபோசோமைப் படிகமாக்கி, 2000, 2001இல் இதை அணு அணுவாகக் காட்டியது. 2009இல் ஸ்டைட்ஸ், அடா யோனத் இருவரோடும் அவருக்கு வேதியியல் நோபல்.

மருந்து புகுவது இந்த இடத்தில்தான். பாரோமோமைசின் அந்த விரல்களை நீட்டியபடியே நிறுத்திவிடும். ஏறக்குறையப் பொருந்துகிற தப்பான கிண்ணம் வந்தாலும் ‘சரி’தான். ஸ்ட்ரெப்டோமைசின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாஸ்டரின் கண்டிப்பைத் தளர்த்துகிறது. சமைத்த புரதமெல்லாம் கோணலாகிறது. 1960களில் சென்னை காசநோய் மருந்து சிகிச்சை மையம் வாரம் இருமுறை ஐசோனியாசிட் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துச் சோதித்ததும் இதே ஸ்ட்ரெப்டோமைசின்தான். அன்று அது கிருமிக்குள் எப்படிப் பிடித்து நிற்கிறது என்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் நோயாளிகள் குணமானார்கள். மருத்துவத்தில் பல நேரம் வைத்தியம் முந்திக்கொள்ளும், விளக்கம் பின்னால் வரும்.

கிருமியும் சும்மா இருக்காது. ரைபோசோமில் அந்த விரல்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் எஸ்12 புரதத்தின் 43ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், ஸ்ட்ரெப்டோமைசின் பலிக்காது.

நம் செல்களின் ரைபோசோம் அமைப்பு வேறு என்பதால் இந்த மருந்துக்குப் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆனால் நம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் பாக்டீரியாவின் ஜாடை. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டவர்களுக்குக் காது பாதிக்கப்பட அதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அதனால்தான் காதில் இரைச்சல் உண்டா, தலை சுற்றுகிறதா என்று டாக்டர் விடாமல் கேட்பார்.