எரிந்த நூலகங்களும் எஞ்சிய படிகளும்

ஓகஸ்ட் 25. இருபதாம் நூற்றாண்டின் நூலக வரலாற்றில் இரண்டு தடவை கருகிய திகதி இது. 1914 இல் அந்த இரவில் பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஜேர்மன் படையினர் தீ மூட்டினார்கள். 1992 இல் அதே திகதியின் இரவில், பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவைச் சூழ்ந்த குன்றுகளில் நின்ற சேர்பியப் படையினர் அந்நகரின் தேசிய நூலகத்தை எறிகணைகளால் எரித்தார்கள். இவ்விரண்டு தீக்கும் இடைப்பட்ட காலத்தில் எரிந்ததுதான் எங்கள் யாழ்ப்பாணப் பொது நூலகம்.

அதன் தொடக்கம் மிகச் சிறியது. கே. எம். செல்லப்பா என்ற அன்பர் 1933 இல் தன் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்து மற்றவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். மறு ஆண்டு ஓகஸ்டில், ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு எடுத்த ஓர் அறையில், 844 நூல்களுடன் அது பொது வாசிகசாலையாயிற்று. புதிய கட்டடத்துக்கு 1954 இல் அடிக்கல் நாட்டினர். நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை வழங்க, சென்னைக் கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் தீட்டினார். 1959 இல் கட்டடம் திறக்கப்பட்டது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி போன்றோரின் சேகரிப்புகளும் ஏட்டுச் சுவடிகளும் அங்கே வந்து சேர்ந்தன. 1981 இல் அங்கிருந்த நூல்களின் தொகை ஏறத்தாழ 97,000.

மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நெருங்கியிருந்த வேளை அது. மே 31 இல் தேர்தல் கூட்டமொன்றில் பொலிஸார் சுடப்பட்டதை அடுத்து, பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த காடையர்களும் நகரில் வெறியாட்டம் ஆடினர். கடைகள் எரிந்தன. ‘ஈழநாடு’ பத்திரிகைப் பணிமனை எரிந்தது. நூலகமும் எரிந்தது. பன்மொழி அறிஞரான வண. தாவீது அடிகள் புனித பத்திரிசியார் கல்லூரியிலிருந்து அந்தத் தீயைக் கண்டார். அதிர்ச்சி தாளாமல் உயிர் நீத்தார்.

இந்த வரலாறு பலரும் அறிந்ததே. ஆனால் எரிந்தவற்றுள் எது மீண்டது, எது மீளவில்லை என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரே பிரதி அங்கே எரிந்து போயிற்று என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய அந்நூலை, சி. பிறிற்றோ 1879 இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டுவிட்டார். முதலியார் குல. சபாநாதனின் தமிழ்ப் பதிப்பும் நூலகம் எரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஆகவே நூலகம் எரிந்தபோதும் வைபவமாலை அழியவில்லை. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் அன்றோடு போயின. அவற்றுள் சிலவற்றின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

இந்த ஆபத்தை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடு ஒன்று, அது ஒரு வீட்டின் பரணில் இருக்கும். அச்சிட்ட நூலோ ஊர் ஊராய்ப் பரந்து கிடக்கும். எந்தத் தீயும் எல்லா வீட்டையும் ஒரே இரவில் எட்டிவிடாது.

மற்ற நகரங்களின் கதையும் இதனையே சொல்கிறது. லூவெய்ன் நூலகத்துக்கு ஜேர்மனி நூல்களை ஈடாகக் கொடுக்க வேண்டும் என வேர்சாய் உடன்படிக்கை விதித்தது. அமெரிக்க மக்களின் நன்கொடையில் 1928 இல் புதுக்கட்டடமும் எழுந்தது. 1940 மே மாதத்தில் அதுவும் எரிந்தது. கட்டடம் எத்துணை உறுதியானதாயினும், ஒரே இடத்தில் குவிந்திருப்பது ஒரே இடத்தில் அழியும்.

சரயேவோவில் மக்கள் வரிசையாய் நின்று, எரியும் கட்டடத்திலிருந்து நூல்களைக் கைமாற்றி வெளியே எடுத்தார்கள். நூலகர் ஆயிடா புத்துரோவிச் அந்நாளில் உயிரிழந்தார். அவ்வாண்டு மே மாதத்திலேயே அந்நகரின் கீழைத்தேயவியல் நிறுவனமும் ஆயிரக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளோடு எரிந்திருந்தது. பிற்பாடு அறிஞர் சிலர் ஒரு வழி கண்டார்கள். முன்னர் அங்கே ஆய்வுக்கு வந்து போனவர்கள் தத்தம் நாட்டுக்கு எடுத்துச் சென்ற நுண்படங்களையும் நிழற்பிரதிகளையும் தேடித் திரட்டினார்கள். மூலம் சாம்பலான பின்னரும், எவரோ தம் தேவைக்கு எடுத்த படி எங்கோ ஒரு மேசை இலாச்சியில் கிடந்தது.

வாசகர்களே, இனி எங்கள் மண்ணுக்கு வருவோம். முல்லைத்தீவின் இலக்கியச் செல்வம் பெரும்பாலும் வாய்மொழியாக வந்தது. யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தைக்காகப் பாடப்படும் ஒப்பாரி, பன்றிப்பள்ளு, குருவிப்பள்ளு ஆகியன வயல்வெளியிலும் முற்றத்திலும் வாழ்ந்தவை. பாடியவர்களின் நினைவே அவற்றின் ஏடு. தொகுத்து அச்சிட்டவர்கள் இருந்தபடியால் அவற்றுள் ஒரு பகுதியேனும் இன்று கையில் கிடைக்கிறது. அச்சேறாதவை, 2008 இலும் 2009 இலும் ஊர் ஊராய் இடம்பெயர்ந்தபோது கைவிடப்பட்ட வீடுகளில் நின்றுபோயின. கூத்துக் கொப்பிகள், கோயிற் பாடல் எழுதிய கையேடுகள், பாடசாலை மலர்கள் எனப் போனவற்றுக்குக் கணக்கு இல்லை. உயிரைக் காப்பதா, கொப்பியைக் காப்பதா என்ற நிலையில் எவரையும் குறை கூற முடியாது.

யாழ்ப்பாண நூலகக் கட்டடம் மீண்டும் வெள்ளை வெளேரென எழுந்து நிற்கிறது. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் படியெடுத்து, உலகின் எந்த மூலையிலிருந்தும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. ஆயினும் எவரும் கொண்டுபோய்க் கொடுக்காத ஒன்றை அவர்களும் படியெடுக்க முடியாது.

உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அப்பு எழுதிய பாட்டுக் கொப்பி இருக்கலாம். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு ஒப்பாரி முழுவதும் மனப்பாடமாய் இருக்கலாம். கொப்பிக்கு இந்தக் கிழமையே ஒரு படி எடுங்கள். அதை வேறொரு வீட்டில், இயலுமாயின் வேறோர் ஊரில் வையுங்கள். ஆச்சியின் குரலைப் பதிவு செய்யுங்கள். 844 நூல்களோடு தொடங்கிய ஒருவரின் வேலையில் எங்களுக்கு எஞ்சியிருக்கும் பங்கு அதுதான்.