உங்களுக்குத் தெரியுமா? ரப்பர் கை முதல் இடது மூக்கு வரை!

கேஸை அணைத்தேனா? பூட்டை இழுத்துப் பார்த்தேனா? கை சுத்தமாகத்தான் இருக்கிறதா? இந்த மூன்று கேள்விகளிலேயே பாதி நாள் போய்விடுகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்களுக்காக உலகம் என்னென்ன வைத்தியமெல்லாம் கண்டுபிடித்து வைத்திருக்கிறது தெரியுமா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வாசகர்களே, உட்கார்ந்து படியுங்கள். இதில் பல சங்கதிகள் நீங்கள் தினமும் போகும் பஸ் ரூட்டிலேயே இருக்கின்றன!

இதற்குப் பெயர் ஓ.சி.டி. தமிழில் எண்ணச் சுழற்சி நோய். 2015-16-ல் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொல்கிறது: இந்தியாவில் பெரியவர்களில் 0.8 சதவிகிதம் பேருக்கு இது உண்டு. அதாவது 1,000 பேருக்கு 8 பேர்! காலை நேரத்து ஆவடி லோக்கலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

கால்பந்து நட்சத்திரம் டேவிட் பெக்காமுக்கும் ஓ.சி.டி. உண்டு. 2006-ல் டி.வி. பேட்டியில் அவரே சொன்னார். ஃப்ரிட்ஜில் குளிர்பான டின்கள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டுமாம். ஒற்றைப்படையில் ஒன்று மிஞ்சினால் அதை எடுத்து வேறிடத்தில் வைத்துவிடுவாராம்!

'சீ, எனக்கு ஏன் இப்படி அசிங்கமான எண்ணம் வருகிறது?' என்று தவிக்கிறீர்களா? 1978-ல் லண்டனில் உளவியலாளர்கள் ரேக்மனும் பத்மல் டி சில்வாவும் எந்த நோயும் இல்லாத 124 பேரிடம் இதைக் கேட்டார்கள். வேண்டாத எண்ணம் தங்களுக்கும் வருவதாகச் சொன்னவர்கள் சுமார் 80 சதவிகிதம்! 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வு 13 நாடுகளில் 777 மாணவர்களைக் கேட்டது. கிட்டத்தட்ட 94 சதவிகிதம்! எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. ஓ.சி.டி. உள்ளவருக்கு அது வந்த வழியே போக மாட்டேன் என்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தப் பத்மல் டி சில்வா யார் தெரியுமா? நம் பக்கத்து வீடான இலங்கையில் பிறந்தவர்! வேண்டாத எண்ணம் வந்தால் என்ன செய்வது என்று புத்தர் பெயரில் உள்ள ஒரு பாலி சூத்திரம் ஐந்து வழிகள் சொல்கிறது. நல்ல எண்ணத்தை அந்த இடத்தில் வை. அதன் கேட்டை நினைத்துப் பார். கண்டுகொள்ளாமல் விடு. எங்கிருந்து வந்தது என்று பார்த்து அடங்க விடு. எதுவும் பலிக்காவிட்டால் பல்லைக் கடித்து அடக்கு. இன்றைய மனநல மருத்துவமனைகளில் சொல்லித் தரும் உத்திகளுக்கும் இவற்றுக்கும் எவ்வளவு ஒற்றுமை என்று எடுத்து எழுதியவர் அவர்தான். இடைவெளி 2,000 ஆண்டுகளுக்கு மேல்!

'மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே' என்பார்கள் நம் ஊரில். 1987-ல் அமெரிக்காவில் உளவியலாளர் டேனியல் வெக்னர் இதைச் சோதனையே செய்துவிட்டார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி! ஐந்து நிமிடம் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மணி நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் அடித்தது! எண்ணத்தை விரட்டுவது வைத்தியமே இல்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

இப்போது என் மனதுக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு. ரப்பர் கை!

நோயாளியின் நிஜக் கையை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். கண் முன்னால் ஒரு ரப்பர் கை. இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் பிரஷ்ஷால் வருடுவார்கள். சில நிமிடங்களில் மூளை ஏமாந்துவிடும். ரப்பர் கையையே தன் கை என்று நம்பிவிடும்! அந்த நேரம் பார்த்து ரப்பர் கையில் மலம் போன்ற ஒன்றைப் பூசுவார்கள். மறைந்திருக்கும் நிஜக் கையை ஈரக் காகிதத்தால் ஒற்றுவார்கள். நோயாளிக்கு அருவருப்பு பொங்கும். ஆனால் நிஜக் கையில் ஒரு துளி அழுக்கு இல்லை! அழுக்கைத் தொடவே முடியாதவர், தொடாமலே தொட்டுப் பழகுகிறார். அமெரிக்காவில் 29 ஓ.சி.டி. நோயாளிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள்.

இந்த ஆய்வுக் குழுவில் ஒருவர் மூளை ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்தவர். எம்.பி.பி.எஸ். படித்தது எங்கே தெரியுமா? நம்ம ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி!

கை கழுவாமலே கை கழுவ முடியுமா? முடியும்! உங்கள் கையை நீங்கள் கழுவுவதை செல்போனில் வீடியோ எடுத்து, அதை ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்தால் போதும். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018-ல் இப்படி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அழுக்கு என்றாலே அஞ்சும் 93 பேரிடம் சோதனை. அவர்கள் நோயாளிகள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே வாரம். வீடியோ பார்த்தவர்களின் மதிப்பெண்கள் 21 சதவிகிதம் வரை முன்னேறின!

மூக்கின் வலது துளையை அடைத்துக்கொள்ளுங்கள். இடது துளையில் 15 விநாடி இழுங்கள். 15 விநாடி நிறுத்துங்கள். 15 விநாடி விடுங்கள். மறுபடி 15 விநாடி சும்மா இருங்கள். நிமிடத்துக்கு ஒரே ஒரு மூச்சு! குண்டலினி யோகாவில் ஓ.சி.டி.க்கென்றே சொல்லப்படும் பயிற்சி இது. முழுப் பயிற்சி 31 நிமிடம்! எடுத்த எடுப்பில் யாராலும் முடியாது, ஐந்தைந்து விநாடியில்தான் தொடங்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது.

பலன் உண்டா? 2019-ல் வெளிவந்த பிரேசில் ஆய்வைப் பாருங்கள். 48 நோயாளிகள். சாதாரணத் தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கு நோயின் கடுமை 17.9 சதவிகிதம் குறைந்தது. இந்தக் குண்டலினிப் பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு 40.4 சதவிகிதம்!

இடது நாசி ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்தீர்களா? திருமூலரின் திருமந்திரத்தைப் புரட்டுங்கள். இடது நாசியில் 16 மாத்திரை நேரம் இழுப்பது, 64 மாத்திரை நிறுத்துவது, 32 மாத்திரை விடுவது. கணக்குப் போட்டே எழுதியிருக்கிறார்!

யோகா எல்லாவற்றையும் வென்றுவிடுமா? அதையும் கேளுங்கள். தீராத பதற்றம் உள்ள 226 பேரை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு, 2020-ல் வெளியானது. மன அழுத்தம் பற்றிய பாடம் மட்டும் கேட்டவர்களில் 33 சதவிகிதம் பேர் தேறினார்கள். யோகா செய்தவர்களில் 54.2 சதவிகிதம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சி.பி.டி. சிகிச்சை பெற்றவர்களில் 70.8 சதவிகிதம்! யோகா நல்ல துணை. முதலிடம் சி.பி.டி.க்குத்தான்.

தியானமும் மாத்திரையும் மோதினால்? 2022-ல் அதுவும் நடந்தது! பதற்ற நோய் உள்ள 276 பேர். பாதிப் பேருக்கு எஸ்சிடலோபிராம் மாத்திரை, பாதிப் பேருக்கு எட்டு வாரத் தியான வகுப்பு. முடிவில் இரண்டும் சமம்!

ஜெபமாலை உருட்டும் பாட்டிகளுக்கு ஒரு நல்ல செய்தி. 2001-ல் இத்தாலிய ஆய்வாளர் பெர்னார்டியின் குழு, ஜெபமாலை சொல்பவர்களின் மூச்சையும் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்பவர்களின் மூச்சையும் அளந்தது. இரண்டிலும் மூச்சு இறங்கி நின்ற இடம் ஒன்றே. நிமிடத்துக்கு 6!

சரி, நம்ம ரூட்டுக்கு வருவோம். பூந்தமல்லியிலிருந்து சென்ட்ரல் பக்கம் பஸ் ஏறுகிறீர்கள். கோயம்பேடு தாண்டியதும் அரும்பாக்கம். அங்கே அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை. ஒரே வளாகத்துக்குள் என்னென்ன தெரியுமா? அரசு சித்த மருத்துவக் கல்லூரி! 2000-ல் தொடங்கிய அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி! மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி நிறுவனம்! அரசு டாக்டரே மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும் இடம் உங்கள் ஜன்னலோரத்தில் கடந்து போகிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வார இறுதி முகாமுக்குப் போகும் முன், ஒரு முறை இங்கே இறங்கிப் பாருங்கள்!

சித்த மருத்துவத்தில் மனநோய்களுக்கென்றே அகத்தியர் பெயரில் ஒரு கிரிகை நூல் இருக்கிறது. அதில் சொல்லியிருக்கும் மனநோய்கள் 18 வகை!

சர்ப்பகந்தா வேர் தெரியுமா? 1931-லேயே கல்கத்தாவில் சென்னும் போஸும் அது மனதை அடக்குகிறது, ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று எழுதிவிட்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தது. உலக மனநல மருத்துவத்தின் முதல் நவீன மருந்துகளில் ஒன்று நம் மண்ணின் வேர்!

லாவெண்டர் எண்ணெய் மாத்திரைக்கும் லோராசிபாம் மாத்திரைக்கும் ஜெர்மனியில் ஒரு போட்டி. 2010. ஆறு வாரம், 77 பேர். பதற்றத்தைக் குறைப்பதில் பூ, மாத்திரைக்குச் சளைக்கவில்லை!

1996-ல் இஸ்ரேலில் 13 ஓ.சி.டி. நோயாளிகளுக்கு இனோசிட்டால் என்ற சர்க்கரை போன்ற பொருளைத் தினம் 18 கிராம் கொடுத்தார்கள். வெற்று மருந்தைவிட நன்றாக வேலை செய்தது! ஈரானில் 2010-ல் பால் நெருஞ்சில் இலைச் சாறு, ஃப்ளூவாக்ஸெட்டின் மாத்திரைக்குச் சமமாக நின்றது. ஆனால் மொத்தம் 35 பேர்தான். இத்தனை சின்ன ஆய்வை நம்பி மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது!

ஐரோப்பாவின் புகழ்பெற்ற மனநல மூலிகை செயின்ட் ஜான்ஸ் வொர்ட். 2005-ல் 60 ஓ.சி.டி. நோயாளிகளுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மருந்தைவிடத் துளியும் மேல் இல்லை! அதோடு மனநல மாத்திரைகளுடன் சேர்த்துச் சாப்பிட்டால் ஆபத்து.

அமுக்கிராவை, அதாவது அஸ்வகந்தாவை, நாட்டு மருந்துக் கடையில் நாம் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். டென்மார்க்கில்? 2023-ல் தடை! கல்லீரல் பாதிப்பு, தைராய்டு மாற்றம் வரலாம். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். மற்றவர்களும் சித்த மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கோயிலில் தங்கினால் மனநோய் குறையுமா? நிம்ஹான்ஸ் மருத்துவர்களே போய்ப் பார்த்தார்கள்! இடம், தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில். கடுமையான மனநோய் உள்ள 31 பேர். சில வாரம் தங்கினார்கள். பெரிய சடங்கு எதுவும் இல்லை. கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அவ்வளவுதான். யாரும் விரட்டவில்லை, யாரும் கட்டிப்போடவில்லை. நோயின் அளவு கிட்டத்தட்ட 20 சதவிகிதம் குறைந்தது! 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் அதை வெளியிட்டது.

ஆனால் அதற்கு முந்தைய வருடத்தை யாரும் மறக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் தீயிலிருந்து ஓட முடியவில்லை. இறந்தவர்கள் 28 பேர். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் 'தவா-துவா' திட்டம் வந்தது. துவா என்ற பிரார்த்தனையும் உண்டு, பக்கத்திலேயே மனநல மருத்துவரும் உண்டு! சாமியா, மாத்திரையா என்ற சண்டையே தேவையில்லை என்று நிரூபித்த திட்டம்.

இவ்வளவுக்கும் நடுவில், ஓ.சி.டி.க்கு இன்றைக்கும் ராஜ வைத்தியம் எது தெரியுமா? பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கும் பயிற்சி! 1966-ல் லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் இரண்டே இரண்டு நோயாளிகளிடம் தொடங்கினார். ஓயாமல் சுத்தம் செய்த ஒரு பெண்ணின் அறையில் குழாய்த் தண்ணீரையே நிறுத்திவிட்டார். இரண்டு பேருமே நன்றாக முன்னேறினார்கள். பூட்டை ஒரே தரம் பூட்டிவிட்டு, இழுத்துப் பார்க்காமல் நடந்து போவது. பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பயிற்சி பெற்றவர் துணையோடு, படிப்படியாக!

பயிற்சி செய்வதால் மூளை மாறுமா? 1992-ல் கலிஃபோர்னியாவில் மனநல மருத்துவர் பாக்ஸ்டர் ஸ்கேன் எடுத்துக் காட்டினார். மாத்திரை சாப்பிட்டவர்களின் மூளையில் எந்த இடம் அடங்கியதோ, பயிற்சி மட்டும் செய்தவர்களின் மூளையிலும் அதே இடம் அடங்கியது!

தலையில் காந்தம் வைத்தும் சிகிச்சை உண்டு. ஓ.சி.டி.க்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2018 ஆகஸ்டில்!

எங்கே போவது? கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்க வருடம் 1794! அதன் முதல் பெண் கண்காணிப்பாளர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரும் அவரே. 1984-ல் அவர் தொடங்கிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு, அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கிறது. அம்பத்தூர்க்காரர்களுக்குக் கூப்பிடு தூரம்! 1993-ல் பிறந்த பேன்யன் மனநல அமைப்பு முகப்பேரில். ஆவடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு 2022-ல் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட் தொழிலாளியா? சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளா? உங்கள் இ.எஸ்.ஐ. அட்டையை வெளியே எடுங்கள்! மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சேதி. உடல் நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017-ன் மனநலச் சட்டமே சொல்கிறது!

இத்தனை இருந்தும், இந்தியாவில் மனநோய் உள்ளவர்களில் நோய்க்கு ஏற்ப 70 முதல் 92 சதவிகிதம் பேர் சிகிச்சைக்கே வருவதில்லை என்கிறது நிம்ஹான்ஸின் அதே தேசிய ஆய்வு. தயவுசெய்து அந்தக் கணக்கில் நீங்கள் இருக்காதீர்கள். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தியானம் செய்யுங்கள், கோயிலுக்குப் போங்கள், ஆனால் டாக்டர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றைக்கே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்!