வழித்துணையாகும் நூல்கள்

புகைவண்டியிற் படித்தற்கு நூல் தேர்வார் இரண்டு நோக்கல் வேண்டும்: இடையிற் படிப்பு நின்றாலும் கதைத்தொடர் அறாமை, மனத்திற்குச் சுமையாகாமை. வியப்புப் புனைகதைகள் சிலவற்றில் இவ்விரண்டும் பல்வேறளவில் அமைந்துள.

1865இல் லூயிஸ் கரோல் வெளியிட்ட ஆலிஸ் கதை 12 இயல்களை உடையது. ஒவ்வொன்றும் தனிக் காட்சி போறலின் பகற்பயணத்திற்கு ஏற்றது. 1937இல் வெளிவந்த டோல்கீனின் ‘ஹாபிட்’ 19 இயல்களில் ஒரு நெடும்பயணத்தையே கூறுதலின் இரண்டு நாட் செலவிற்கு உரியது. டெர்ரி பிராட்செட் 1983இல் தொடங்கிய ‘டிஸ்க்வேர்ல்டு’ என்னும் தட்டுலகக் கதைகள் 41. ஆமைமேல் நின்ற நான்கு யானைகள் தாங்கும் அவ்வுலகம் நம் நாட்டுப் பழங்கதைகளை நினைப்பூட்டும். அவற்றுட் பெரும்பாலானவற்றில் இயற்பிரிவு இன்மையின், இறங்குமிடம் மறவாதார் மட்டுமே கைக்கொள்க.

நகைதரும் நூல் இழிந்ததென்பார் உளர்; மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தவர் தொல்காப்பியர் என்பதை அவர் கருதுக. விடுமுறைக்கு ஊர்செல்லும் நண்பர், பாடநூலைப் பெட்டியிலும் இவற்றுள் ஒன்றைக் கையிலும் கொள்வாராக.