பயிர்நோய்க்குத் தடை, உழவருக்கு இழப்பீடு

சந்தாபுராவைக் கடந்து செல்லும் ஓசூர் சாலையில் காய்கறியும் பூவும் நாற்றும் ஏற்றிய வண்டிகள் இரு மாநிலங்களுக்கும் இடையே நாள்தோறும் போய்வருகின்றன. இப்பகுதியில் குடியிருந்துகொண்டு, எல்லைக்கு அப்பால் நிலம் வைத்திருப்போரும் நம்மிடையே உண்டு. ஊருக்குச் சென்று திரும்புகையில் ஒரு வாழைக்கன்றையோ சிறிது விதைக்கிழங்கையோ கொண்டுவருவது நமக்கு இயல்பான செயல். ஆனால் பயிர்நோய்கள் பெரும்பாலும் அவ்வழியேதான் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. பழனி மலைப்பகுதியில் விருப்பாட்சி வாழையைப் பெருமளவு அழித்த முடிக்கொத்து நோய், கன்றுகளின் வழியாகவும் அசுவினிப் பூச்சியின் வழியாகவும் பரவுவதே.

இத்தகைய பரவலைத் தடுக்க அரசுகள் கையாளும் முறை தொற்றுத்தடுப்பு ஆகும். நோய் தோன்றிய பகுதியிலிருந்து விதை, நாற்று ஆகியவை வெளியேறாமல் தடுப்பது அதன் ஒரு பகுதி. நோயுற்ற பயிரையே அழிப்பது மற்றொரு பகுதி.

முதல் வகைக்கு நீலகிரி நல்ல சான்று. அங்கு 1961ஆம் ஆண்டில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு கண்டறியப்பட்டது. பெண் புழு இறந்தபின் அதன் உடலே கடினமான கூடாக மாறி, உள்ளிருக்கும் முட்டைகளைப் பல ஆண்டுகள் மண்ணில் காக்கிறது. கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது புதிய நிலத்தை அடையும். எனவே 1971இல் நீலகிரி விதைக்கிழங்கு வெளிமாநிலங்களுக்குச் செல்வது தடை செய்யப்பட்டது.

இரண்டாம் வகை இன்னும் கடுமையானது. கோதுமைக் குலைநோய் 1985இல் பிரேசிலில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2016இல் வங்காளதேசத்தில் தோன்றி ஏறத்தாழ 15,000 எக்டேர் கோதுமையைத் தாக்கியது. கதிரைப் பற்றும் இப்பூசணம் சில நாட்களிலேயே கதிரை வெளிறச் செய்து, மணிகளைச் சுருங்கிய பதராக்கிவிடும். விதையாலும் காற்றாலும் பரவும். 2017இல் எல்லைக்கு இப்பால் மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் ஐயத்திற்குரிய அறிகுறிகள் தெரிந்தவுடன், அப்பயிர்கள் தீயிட்டு அழிக்கப்பட்டன. பாதிக்கப்பட்ட உழவர்களுக்கு மாநில அரசு இழப்பீடு அறிவித்தது. அவ்விரு மாவட்டங்களிலும் முதற்கட்டமாக இரண்டு ஆண்டுகள் கோதுமை சாகுபடி நிறுத்தப்பட்டது. பன்னாட்டு எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் கோதுமை விதைக்கலாகாது என்றானது. மாற்றாகப் பருப்பு, எண்ணெய் வித்துப் பயிர்கள் ஊக்குவிக்கப்பட்டன.

இங்கே இழப்பீட்டைக் கருணைத்தொகை என்று கருதுவது பிழையாகும். தம் வயலில் புதிய நோயை முதலில் காண்பவர் உழவரே. அதைத் தெரிவித்தால் பயிர் முழுவதும் எரிக்கப்படும், கடன் மட்டும் நிற்கும் என்றால், அவர் வாய் திறவாமல் அறுவடை செய்து விற்றுவிடவே எண்ணுவார். அந்த விளைச்சலோடு நோயும் சந்தைக்குச் செல்லும். உரிய இழப்பீடு உரிய காலத்தில் கிடைக்கும் என்ற உறுதி இருந்தால்தான் நோய் முளையிலேயே வெளிப்படும். ஆகவே இழப்பீடு தொற்றுத்தடுப்பின் ஓர் உறுப்பே.

நம் பழைய சட்டங்கள் இக்கோணத்தில் எழுதப்பட்டவை அல்ல. 1919ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பூச்சி, நோய்ச் சட்டம், அரசு கூறும் தடுப்பு நடவடிக்கையை நிலத்தை வைத்திருப்பவர் செய்யத் தவறினால், அலுவலரே செய்து செலவை அவரிடமே பெற வழிவகுத்தது. ஆஸ்திரேலியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ள உடன்படிக்கை வேறு வழியைக் காட்டுகிறது. அதன்படி புதிய நோயை ஒழிக்கும் செலவை அரசுகளும் விளைவிப்போர் அமைப்புகளும் பகிர்ந்துகொள்கின்றன. பயிரை இழந்தவருக்கும் அதிலிருந்தே ஈடு வழங்கப்படுகிறது.

பயிர்க்காப்பீடு இருக்கிறதே என்று வாடிக்கையாளர்கள் எண்ணலாம். பிரதம மந்திரி பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில் உழவர் செலுத்தும் பங்கு, காப்பீட்டுத் தொகையில் காரிஃப் உணவுப்பயிருக்கு 2 விழுக்காடு, ரபி பயிருக்கு 1.5 விழுக்காடு, ஆண்டு வணிக, தோட்டப் பயிருக்கு 5 விழுக்காடு ஆகும். தடுக்க இயலாத பூச்சி, நோய்களால் வரும் விளைச்சல் குறைவும் இதில் அடங்கும். எனினும் அந்த இழப்பு, அறிவிக்கப்பட்ட பகுதியின் சராசரி விளைச்சலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஊர் முழுவதும் நன்கு விளைந்து, ஒருவரது வயல் மட்டும் அரசாணைப்படி அழிக்கப்பட்டால், காப்பீடு அவருக்கு உதவாமற் போகலாம். அவ்விடத்தில் அரசின் தனி இழப்பீடே துணை.

வாடிக்கையாளர்கள் கருத்திற்கொள்ள வேண்டியவை சில. நாற்று, விதைக்கிழங்கு, கன்று ஆகியவற்றைச் சான்று பெற்ற இடத்திலேயே வாங்குங்கள். பழக்கமில்லாத அறிகுறியைக் கண்டால் செடியைப் பிடுங்கி எடுத்துச் செல்லாமல், படம் எடுத்துக்கொண்டு, தமிழகத்தில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கர்நாடகத்தில் ரைத சம்பர்க்க கேந்திராவிலோ தெரிவியுங்கள். அடங்கல் அல்லது பஹணியில் நடப்புப் பருவப் பயிர் சரியாகப் பதிவாகியுள்ளதா எனப் பாருங்கள். எந்த இழப்பீட்டுக்கும் அதுவே அடிப்படை ஆவணம். கடன் பெற்ற உழவர்களுக்கும் 2020 காரிஃப் முதல் காப்பீடு விருப்பத்திற்குரியதே. வேண்டாம் என எழுதிக் கொடுக்கும் முன் இருமுறை எண்ணுங்கள். பயிர் அழிக்கப்பட்டால், ஆணையின் நகலுடன் தவணை நாளுக்கு முன்னரே கிளையை அணுகுங்கள். கடனைத் திருத்தியமைக்க விதிகள் இடம் தருகின்றனவா என ஆராய அப்போதுதான் காலம் இருக்கும்.