சூடு தெரியாத கை



அடுப்பில் கொதிக்கிற குழம்புச் சட்டியை மறதியாகத் துணி பிடிக்காமல் தொட்டுவிடுகிறீர்கள். "ஐயோ!" என்று சொல்லுமுன்பே கை தானாக விலகிக்கொள்கிறது. எரிச்சல் அதற்குப் பிறகுதான் தெரிகிறது. இது எப்படி என்று யோசித்ததுண்டா?

மூளையின் தொடர்ச்சியாக முதுகெலும்புக்குள்ளே தண்டுவடம் இறங்குகிறது. பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். இவ்விரண்டிலிருந்தும் நரம்புகள் கிளைவிட்டு உடம்பு முழுவதும் ஓடுகின்றன. (புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நம் பக்கத்தில் 'நரம்பு' என்பார்கள். அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய்.) சில நரம்பிழைகள் தோலிலிருந்து செய்தியை உள்ளே கொண்டுபோகின்றன. சில, உள்ளிருந்து கட்டளையைத் தசைகளுக்குக் கொண்டுவருகின்றன. வேர்வை சுரக்க வைப்பதும் நரம்புகளே.

சட்டியைத் தொட்டவுடன் சூட்டின் செய்தி தண்டுவடத்தை எட்டுகிறது. மூளையைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. தண்டுவடமே "கையை எடு" என்று கட்டளை போட்டுவிடுகிறது. பிறகு தொடர்ந்து வருகிற அந்த எரிச்சலைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு சுமார் 1 மீட்டர் வேகத்தில்தான் நகரும்.

சாமியிடம் நாம் எல்லோரும் "வலி இல்லாமல் வை" என்றுதான் வேண்டிக்கொள்கிறோம். வலியே தெரியாதவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டோம்.

தொழுநோயை எடுத்துக்கொள்வோம். இதன் கிருமியை 1873-ல் நார்வே நாட்டு டாக்டர் ஹான்சன் கண்டுபிடித்தார். மிக மெதுவாகப் பெருகும் கிருமி இது. உடம்பில் புகுந்து பல வருஷங்கள் கழித்துத்தான் அடையாளம் காட்டும். உடம்பில் சூடு குறைந்த இடங்கள்தான் இதற்குப் பிடிக்கும். ஆகவே தோலையும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுரீர் என்று ஓடுகிறதல்லவா, அந்த நரம்பு கெட்டால் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போய் மடங்கிவிடும். முழங்காலுக்கு வெளிப்புறம் உள்ள நரம்பு கெட்டால் பாதம் தொங்கிப்போகும். கணுக்காலின் உட்புற நரம்பு கெட்டால் உள்ளங்காலில் முள் குத்தினாலும் தெரியாது. வேர்வை இல்லாததால் தோல் வறண்டு வெடிக்கும். முகத்து நரம்பு கெட்டால் கண் இமை மூடாது.

"பெருவியாதி வந்தா விரல் அழுகி விழுந்துடும்" என்று இன்னமும் பலர் சொல்லக் கேட்கிறோம். கிருமி விரலைத் தின்பதில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-ல் வந்த டாக்டர் பால் பிராண்ட் இதைக் கூர்ந்து கவனித்தார். வலி தெரியாததால் நோயாளிகள் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடித்தார்கள், புண்ணோடு நடந்தார்கள், சாவியையும் கருவியையும் அளவுக்கு மீறி அழுத்தித் திருகினார்கள். அப்படி ஏற்பட்ட புண்கள் ஆறாமல் எலும்புவரை போய்த்தான் விரல்கள் குறைந்தன. தூங்கும்போது எலி கடித்ததுகூடத் தெரியாமல் சிலர் விரலை இழந்திருந்தார்கள். அதனால் வீட்டுக்குத் திரும்பும் நோயாளிகளோடு பூனையையும் அனுப்பிவைத்தார்கள்! கேட்க வேடிக்கையாக இருக்கலாம். நல்ல வைத்தியம் அது.

ஆரம்பத்தில் இந்த நோய் எப்படித் தெரியும்? தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் ஒன்று. "அரிக்கலே, வலிக்கலே, அப்புறம் எதுக்கு டாக்டர்?" என்று கேட்பீர்கள். அரிக்காததும் வலிக்காததும்தான் சந்தேகத்துக்கே காரணம். கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவர் பேனா முனையால் அந்த இடத்தை மெள்ளத் தொடட்டும். தொட்டது தெரியவில்லையென்றால் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாத்திரை இலவசம். நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை கொடுக்கும் மருந்தினால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தம் அல்ல, பயந்து நிறுத்திவிடாதீர்கள். தோல் சற்றுக் கறுத்தாலும் மருந்து முடிந்த பிறகு மெதுவாகத் தெளிந்துவிடும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டர் யோசனைப்படி சாப்பிடலாம்.

மருந்து கிருமியைக் கொல்லும். செத்த நரம்பை உயிர்ப்பிக்காது. ஆகவே புதிதாக மரத்துப்போனாலோ, கை பலம் குறைந்து பொத்தான் போட முடியாமல் போனாலோ, நரம்பு வீங்கி வலித்தாலோ காத்திருக்கக் கூடாது. 6 மாதத்துக்குள் வந்தால் வேறு மாத்திரைகள் கொடுத்து அந்த நரம்பைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

பெண்கள்தான் அதிகம் மறைக்கிறார்கள். "மாமியாருக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டு அனுப்பிடுவாங்க" என்கிற பயம். தொழுநோய் பரம்பரையாக வருவதல்ல. 100 பேரில் சுமார் 95 பேருக்கு இதை எதிர்க்கும் சக்தி இயற்கையாகவே இருக்கிறது. மருந்து ஆரம்பித்துவிட்டால் அவரிடமிருந்து மற்றவர்க்குத் தொற்றாது. முன்பு தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. 2019-ல் பாராளுமன்றம் அதை நீக்கிவிட்டது. கணவன்மார்களும் இதைப் படிக்க வேண்டும்.

நெடுநாள் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் நரம்பு கெட்டு உள்ளங்கால் மரத்துப்போவது உண்டு. அவர்களுக்கும் பாத கவனிப்பு அவசியம். ஆனால் வறட்சிக்கு என்ன செய்வது என்பதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தொழுநோயால் மரத்தவர்கள் தினம் 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீரில் கால்களை ஊறவைத்து, தடித்த தோலை மெதுவாகத் தேய்த்துவிட்டு, ஈரத்தோடு எண்ணெய் தடவ வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்கள் காலை ஊறவைக்காமல், கழுவித் துடைத்து, விரல் இடுக்கை விட்டுவிட்டு எண்ணெய் தடவினால் போதும். வெந்நீர் இருவருக்கும் ஆகாது, சூடு தெரியாதே! டீ டம்ளரைத் துணி சுற்றிப் பிடிக்கட்டும். ஆணி அடித்த செருப்பு வேண்டாம், மெத்தென்ற ரப்பர் செருப்பு நல்லது. போட்டுக்கொள்ளுமுன் உள்ளே கல் கிடக்கிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டும். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலில் புண், கொப்புளம், சிவப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாத வயதானவர்களுக்குப் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், சின்னக் கண்ணுக்கு எல்லாம் தெரியும்.