அந்த 28 என்ன சொன்னது?

என் கணவரின் ஆபீஸில் முழு உடம்புப் பரிசோதனை. ‘மனைவிக்கும் சலுகை உண்டு’ என்றார்களாம். சலுகை என்றால் விடுவோமா? நானும் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். சர்க்கரை சரி, கொழுப்பு சரி. கடைசிப் பக்கத்தில் மட்டும் தடித்த எழுத்தில், ‘ஹோமோசிஸ்டீன் 28’. அது 15-க்குள் இருக்க வேண்டுமாம்.

“அது ஜாஸ்தியானா டி.என்.ஏ. கெட்டுப்போய் கேன்ஸர் வரும்னு படிச்சேன் அண்ணி. பேசாம ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்கிப் போட்டுக்குங்க” என்றாள் நாத்தனார். என் அம்மாவைக் கேன்ஸருக்குப் பறிகொடுத்தவள் நான். அன்று இரவு தூக்கம் ஏது?

மறுநாள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். சிரித்துக்கொண்டே உட்காரச் சொன்னார்.

பருப்போ, பாலோ, மீனோ, எதைச் சாப்பிட்டாலும் அதன் புரதத்தில் மெத்தியோனின் என்று ஒரு பொருள் இருக்கிறது. உடம்பு அதைப் பயன்படுத்தியபின் மிஞ்சுவதுதான் ஹோமோசிஸ்டீன். அதைத் திரும்ப மெத்தியோனினாக்க ஃபோலேட், பி12 என்ற இரண்டு வைட்டமின்களும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் போச்சு, ஹோமோசிஸ்டீன் தேங்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் எங்கோ அடைப்பு என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அதைப் போலத்தான்.

டி.என்.ஏ. இங்கே எப்படி வந்தது? அது நாலு எழுத்துக்களால் ஆன நீண்ட இழை. அதில் தைமின் என்ற எழுத்தைத் தயாரிக்கவும் ஃபோலேட்தான் வேண்டும். போதாவிட்டால் அந்த இடத்தில் யுராசில் என்ற தப்பெழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. செல் சும்மா இருக்குமா? தப்பை வெட்டி எடுத்துத் திருத்தப் பார்க்கும். ரவிக்கையில் ஒரே இடத்தைப் பிரித்துப் பிரித்துத் தைத்தால் துணியே கிழிந்துவிடுகிறதே! அருகருகே இரண்டு பக்கமும் வெட்டு விழுந்தால் டி.என்.ஏ. இழையும் அறுந்துபோகும். 1997-ல் ப்ரூஸ் ஏம்ஸ் முதலான கலிபோர்னியா விஞ்ஞானிகள் ஃபோலேட் குறைந்தவர்களைச் சோதித்தபோது ஒரு செல்லுக்கு 40 லட்சம் யுராசில் இருந்ததாம். ஃபோலேட் கொடுத்ததும் குறைந்துவிட்டது. இப்படி அறுந்த இழைகள் புற்றுநோய்க்கு வழிவிடக்கூடும் என்பதுதான் பயம். பி12 குறைந்தாலும் ஃபோலேட் வேலை செய்ய முடியாமல் சிக்கிக்கொள்ளும்.

“அப்போ நாத்தனார் சொன்னது சரிதானே டாக்டர்?”

“பாதி சரிம்மா. மாத்திரை விஷயத்துலதான் அவசரப்படக் கூடாது.”

அவர் சொன்ன கதை எனக்குப் புதிது. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவின் குழுதான் 1945-ல் ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் அந்த வகை மருந்தை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகம் பிடித்தது! உடனே யோசனையை மாற்றி, ஃபோலிக் ஆசிடைத் தடுக்கும் மருந்தைச் சுப்பாராவ் குழுவிடம் வாங்கிக் கொடுத்தார். 1948-ல் சில குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாக அடங்கியதை உலகத்துக்குச் சொன்னார். நல்ல செல் பெருக ஃபோலேட் வேண்டும். கெட்ட செல்லுக்கும் அதுவேதான் தீனி.

நார்வேயில் இதய நோயாளிகள் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2009-ல் வந்தது. ஃபோலிக் ஆசிடும் பி12-ம் சாப்பிட்டவர்களுக்கு ஹோமோசிஸ்டீன் இறங்கியது. புற்றுநோயோ இறங்கவில்லை. மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு வந்தது. சாப்பிடாதவர்களில் எட்டுப் பேருக்குச் சற்று மேல். 2013-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பெரிய நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எண்ணைத் துரத்துவதைவிட, எது குறைகிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம் என்றார் டாக்டரம்மா.

பார்த்தோம். எனக்கு ஃபோலேட் போதுமான அளவு இருந்தது. பி12-தான் 140, 200-க்கு மேல் வேண்டும். நான் சுத்த சைவம். பாலையும் தயிரையும் குழந்தைகளுக்கு ஊற்றிவிட்டு மிச்சத்தில் மோர் கரைத்துக் குடிப்பவள். செடி கொடியில் பி12 கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், ஈரல் இவற்றில்தான் உண்டு. ராத்திரியில் பாதம் மரத்துப்போவதை வயசுக் கோளாறு என்று நினைத்திருந்தேனே! நாத்தனார் பேச்சைக் கேட்டு ஃபோலிக் ஆசிட் மட்டும் விழுங்கியிருந்தால் ரத்தசோகை மறைந்து, நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போயிருக்குமாம்.

ஊசி போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் 28 என்பது 11 ஆனது. இப்போது எனக்கென்று ஒரு டம்ளர் பால் தனியாக எடுத்து வைக்கிறேன். அரைக்கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதில்லை, ஃபோலேட் அதில்தான் கரைந்து நிற்கிறது. பயறு, கொண்டைக்கடலை சுண்டலும் அடிக்கடி உண்டு.

ஆனால் குழந்தைக்குத் திட்டமிடும் இளம் பெண்கள் இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிடை நிறுத்திவிடாதீர்கள்! கருத்தரிக்கும் முன்பிருந்து முதல் மூன்று மாதம் வரை தினமும் 400 மைக்ரோகிராம் அவசியம். சிசுவின் முதுகுத்தண்டு, மூளைக் குறைகளைத் தடுப்பது அதுதான்.

நாத்தனாருக்குச் சர்க்கரை. பத்து வருஷமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாள். அதுவும் பி12-ஐக் குறைக்கும் என்று டாக்டரம்மா சொன்னதை அவளிடம் சொன்னேன். “எனக்குமா அண்ணி?” என்று முகம் வெளுத்தாள். நேற்றுத்தான் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். ரிப்போர்ட் நாளை வரும்.